பாய்மரக் கம்பி எத்தனை ஆண்டு தாங்கும்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 1989இல் கட்டிய 33 அடிப் பாய்மரப் படகு ஒன்றை லங்காவியில் வாங்கி, பினாங்குக்குக் கொண்டுவந்து ஸ்ட்ரெய்ட்ஸ் கீ மரீனாவில் கட்டிவைத்திருக்கிறீர்கள். பாய்மரத்தை நிறுத்தி வைத்திருக்கும் கம்பிகளை எட்டு ஆண்டுக்கு முன் மாற்றியதாக விற்றவர் சொன்னார், ரசீது இல்லை. இடப்பக்கக் கம்பி ஒன்றின் அடிமுனையில் பழுப்புக் கறை தெரிகிறது. பார்க்க வந்த ரிக்கர், அதாவது படகுக் கம்பி வேலைக்காரர், எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார். சொந்தப் படகு வைத்திருக்கும் நண்பரோ, "பதினைந்து வருஷம் தாங்கும், காசைக் கரியாக்காதே" என்கிறார். இரண்டு பேரில் யார் சொல்வது சரி என்பது உங்கள் கேள்வி. ஆனால் கடைசி வரியில் போகிற போக்கில், டிசம்பர் விடுமுறையில் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு லங்காவிக்குப் போக நினைப்பதாக எழுதியிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். கம்பியின் வயது அதில் ஒரு பகுதிதான். பெரிய பகுதியும் இல்லை.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் பொறியியல் படித்தவன் இல்லை. பிறை என்ற ஊரில் கிரேன் கம்பி, கொக்கி, சங்கிலி இவற்றைச் செய்து சோதிக்கும் பட்டறையில் ஒன்பது ஆண்டு இருந்தேன். அதன்பின் இருபது ஆண்டுக்கு மேலாகப் பினாங்கு, பங்கோர், லங்காவி என்று பாய்மரப் படகுகளில் கம்பி வேலை. என் கை பழகியதெல்லாம் 25 முதல் 45 அடி வரையிலான சாதாரணப் படகுகள்: அலுமினியப் பாய்மரம், ஸ்டெயின்லெஸ் கம்பி. கார்பன் பாய்மரத்துக்கும், முறுக்குக் கம்பிக்குப் பதில் திடக்கம்பி போட்ட பந்தயப் படகுக்கும் என் யோசனையைக் கேட்காதீர்கள். இன்னொன்று, நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்து ஒரு கம்பி கெட்டுவிட்டது என்று என்னால் சொல்ல முடியும். நல்லது என்று சொல்ல முடியாது. யாராலும் முடியாது.

தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு டிவி ஏரியல் கம்பம் நினைவிருக்கும். இருபது அடிக் குழாயை நட்டு, மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டியிருப்போம். குழாய் தானாக நிற்காது, கம்பிதான் நிறுத்தி வைத்திருக்கும். ஒன்று அறுந்தால் பக்கத்து வீட்டுக் கூரை காலி. பாய்மரமும் அதே கதைதான். முன்னே ஃபோர்ஸ்டே, பின்னே பேக்ஸ்டே, இரண்டு பக்கமும் ஷ்ரவுட்கள். ஏரியலுக்கு இல்லாத தொல்லை ஒன்று இங்கே உண்டு. பாய் காற்றைப் பிடித்ததும் காற்று வரும் பக்கத்துக் கம்பி விறைக்கும், மறுபக்கத்துக் கம்பி தளரும். படகைத் திருப்பினால் அது மாறும். ஒவ்வோர் அலைக்கும் ஒரு சின்ன இழுப்பு. மெல்லிய கம்பியை ஒடிக்க வேண்டுமென்றால் முன்னும் பின்னும் வளைப்போம் இல்லையா? அதையே கடல் ஆண்டுக்கணக்கில் பொறுமையாகச் செய்துகொண்டிருக்கிறது.

கம்பி மட்டும் என்றால் எனக்கும் பெரிய கவலை இல்லை. உங்கள் படகில் இருப்பது அநேகமாக 19 இழைக் கம்பி: நடுவில் ஒன்று, அதைச் சுற்றி ஆறு, வெளியே பன்னிரண்டு. 6 மில்லிமீட்டர் தடிமன் உள்ள புதுக் கம்பியை அறுக்க இரண்டரை டன்னுக்கு மேல் இழுக்க வேண்டும். கம்பி நடுவழியில் அறுந்து பாய்மரம் விழுந்ததை இத்தனை ஆண்டில் நான் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் முனையில் விட்டுப்போனவை. கம்பி போய்ச் சேரும் உறை, உறையைப் பிடிக்கும் ஊசி, ஊசி நுழையும் தகடு, இவைதான். அதிலும் பெரும்பாலும் அடிமுனை.

அடிமுனை ஏன் முதலில் கெடுகிறது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். கம்பியின் முனையைக் குழாய் மாதிரியான ஸ்டெயின்லெஸ் உறைக்குள் விட்டு, இயந்திரத்தில் நசுக்கிப் பிடிக்க வைத்திருப்பார்கள். இதை ஸ்வேஜ் என்போம். மேல்முனையில் அந்த உறையின் வாய் கீழ்நோக்கி இருக்கும், தண்ணீர் வடிந்துவிடும். அடிமுனையில் வாய் மேல்நோக்கி இருக்கிறது, கிண்ணம் வைத்த மாதிரி. கடல் தெறிப்பு கம்பி வழியாக இறங்கி இழைகளுக்கு நடுவில் புகுந்துகொள்ளும். வெயிலில் தண்ணீர் போய் உப்பு மட்டும் தங்கும். மறுநாள் இன்னும் கொஞ்சம். வெளியே எவ்வளவு மழை பெய்தாலும் உள்ளே இருக்கும் உப்பு அவ்வளவு எளிதில் கழுவிப் போகாது.

நம் ஆட்கள் இதற்கு எவர்சில்வர் என்று பெயர் வைத்தார்கள். அடுக்களைச் செம்புக்குப் பொருத்தமான பெயர்தான். ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காமல் இருப்பது அதன் மேல் படிந்திருக்கும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலத்தால். கீறல் பட்டால் காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்தப் படலத்தை உடனே மறுபடி உண்டாக்கிவிடும். உறைக்குள்ளே தேங்கிய உப்புத் தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. படலம் உடைந்தால் ஒட்டாது. உப்பிலுள்ள குளோரைடு அந்த இடத்தைக் குடைந்து உள்ளே போகும். வெளியே பளபளப்பு அப்படியே இருக்கும். பிறையில் நான் பார்த்த கிரேன் கம்பிகள் இந்த விஷயத்தில் நேர்மையானவை. கெட்டால் உடம்பெல்லாம் துருவாகிக் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்டெயின்லெஸ் காட்டாது.

இது படகோடு நிற்கும் விஷயமில்லை. சுவிட்சர்லாந்தில் ஊஸ்டர் என்ற ஊரில் 1985இல் உள்ளரங்க நீச்சல் குளம் ஒன்றின் கான்கிரீட் மேற்கூரை இடிந்து விழுந்து 12 பேர் இறந்துபோனார்கள். கூரையைத் தொங்கவிட்டிருந்தவை ஸ்டெயின்லெஸ் கம்பிகள். கட்டிப் பதின்மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது. குளத்துக் காற்றிலிருந்த குளோரைடும், கம்பியில் எப்போதும் இருந்த இழுப்பும் சேர்ந்து உள்ளுக்குள் விரிசல் விட வைத்திருந்தன. உங்கள் பாய்மரக் கம்பிக்கும் அந்த இரண்டும் எப்போதும் உண்டு: குளோரைடு, இழுப்பு. அதற்கு மேல் பினாங்கு வெயில் வேறு.

சரி, ஆண்டுக் கணக்குக்கு வருவோம். "பத்து வருஷம்" என்ற எண்ணை நீங்கள் எல்லாரிடமும் கேட்பீர்கள். பல காப்பீட்டு நிறுவனங்கள் பத்து ஆண்டு தாண்டினால் மாற்றச் சொல்கின்றன, அல்லது ஆய்வறிக்கை கேட்கின்றன. சில பதினைந்து வரை விடும். இந்த எண் உலோகத்திலிருந்து வந்ததில்லை. பதினோராம் ஆண்டு பிறந்த அன்று கம்பிக்கு எதுவும் ஆகிவிடாது. "இதற்கு மேல் இதை நம்புவதற்குக் காரணம் இல்லை" என்பதுதான் அதன் பொருள். உங்கள் நண்பர் சொல்லும் பதினைந்தும் பொய்யில்லை. குளிர்நாடுகளில் கோடையில் மட்டும் ஓட்டி, பனிக்காலத்தில் பாய்மரத்தைக் கழற்றிக் கொட்டகைக்குள் வைக்கும் படகில் பதினைந்தும் ஓடும், இருபதும் ஓடும். அங்கே ஆண்டுக்கு ஐந்து மாதம்தான் கம்பி உப்பில் நிற்கிறது. இங்கே பன்னிரண்டு மாதமும் நிற்கிறது. அதனால் நம் தண்ணீரில் பத்து என்பதை நான் மேல் எல்லையாக வைத்துக்கொள்கிறேன். அடிக்கடி தூரம் ஓடும் படகென்றால் எட்டிலேயே பேச்சை ஆரம்பித்துவிடுவேன். இது என் அனுபவக் கணக்கு, ஆய்வுக்கூடக் கணக்கு இல்லை.

"இந்தப் படகு அதிகம் ஓடவே இல்லை, மரீனாவில் சும்மாதான் நின்றது" என்று விற்றவர் சொல்லியிருப்பார். எல்லாரும் சொல்வார்கள். ஓடாத படகின் கம்பி களைப்பது குறைவு, உண்மைதான். ஆனால் அரிப்புக்கு ஓட்டம் தேவையில்லை. சும்மா நின்ற படகைத்தான் யாரும் கழுவுவதும் இல்லை, ஏறிப் பார்ப்பதும் இல்லை. கம்பிகள் தளர்ந்து கிடந்தால் போகிற வருகிற படகு கிளப்பும் அலைக்கெல்லாம் பாய்மரம் ஆடிக்கொண்டிருக்கும். அது வேறு தேய்மானம். அப்புறம், ரசீது இல்லாத எட்டு ஆண்டை எட்டு என்று எண்ணாதீர்கள். வயது தெரியாத கம்பியைக் காலம் முடிந்த கம்பியாகத்தான் நான் எழுதிவைப்பேன்.

இப்போது அந்தப் பழுப்புக் கறை. கறை இரண்டு வகை. கம்பியின் நீளத்துக்கு லேசாகத் தேநீர்க் கறை மாதிரி படர்ந்திருந்தால் பெரும்பாலும் மேலோட்டமானது. வேறெங்கிருந்தோ வந்த இரும்புத்தூள் ஒட்டித் துருப்பிடித்திருக்கலாம். ஸ்டெயின்லெஸுக்கான துருநீக்கியால் துடைத்து, நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு, ஒரு மாதம் பாருங்கள். மறுபடி வராவிட்டால் மறந்துவிடலாம். இன்னொரு வகை, உறையின் வாயிலிருந்து ஒழுகிய மாதிரி இறங்கும் கோடு. துடைத்தால் போகும், சில வாரத்தில் அதே இடத்தில் வரும். அது உள்ளேயிருந்து வருகிறது. உங்கள் படத்தில் இருப்பது இரண்டாவது வகை போலத்தான் எனக்குத் தெரிகிறது. எவ்வளவு ஆழம் என்பதை வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது. ஆனால் உள்ளே வேலை நடக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் அதிகம் இல்லை.

ரிக்கர் இல்லாமலே நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்யக்கூடியவை உண்டு. மெல்லிய டிஷ்யூ தாளைக் கம்பியைச் சுற்றிப் பிடித்து, அடியிலிருந்து கை எட்டும் வரை மெதுவாக இழுங்கள். விரலால் செய்யாதீர்கள், அறுந்த இழை ஊசி போல நிற்கும், சதையைக் கிழித்துவிடும். தாள் எங்கே மாட்டுகிறதோ அங்கே இழை போயிருக்கிறது. உறைக்குள் கம்பி நுழையும் இடத்தில்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். ஒரே ஓர் இழை அறுந்திருந்தாலும் அந்தக் கம்பி முடிந்தது. 19இல் ஒன்றுதானே என்று கணக்குப் போடாதீர்கள். மீதி பதினெட்டும் அதே வயது, அதே வேலை பார்த்தவை. பிறகு உறையைத் துடைத்துவிட்டுப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். நீளவாக்கில் முடி மாதிரி ஒரு கோடு தெரிந்தால் அது விரிசல். உறை வாழைப்பழம் போல வளைந்திருந்தால் செய்யும்போதே சரியாக நசுக்கவில்லை என்று அர்த்தம். எனக்கு அது பிடிக்காது.

கோடா, கீறலா என்று சந்தேகம் வந்தால் சிவப்புச் சாயச் சோதனை செய்யலாம். கிரேன் கொக்கிகளுக்கு நாங்கள் தினமும் செய்தது. தொழிற்சாலைச் சாமான் விற்கும் கடையில் மூன்று டப்பாவாகக் கிடைக்கும்: துப்புரவுத் திரவம், சிவப்புச் சாயம், வெள்ளைப் பொடித் திரவம். இடத்தைச் சுத்தமாகத் துடைத்து, சாயத்தை அடித்து, கால் மணி நேரம் விட்டு, துணியால் துடைத்தெடுத்துவிட்டு வெள்ளையை அடிக்க வேண்டும். விரிசலுக்குள் ஒளிந்த சாயம் வெள்ளையில் சிவப்புக் கோடாக ஊறி வெளியே வரும். துடைக்கும்போது துப்புரவுத் திரவத்தை நேராக அதன் மேல் அடிக்காதீர்கள், விரிசலில் இருக்கும் சாயமும் போய்விடும். துணியில் நனைத்துத் துடையுங்கள். ஒரு குறை என்னவென்றால், இது மேற்பரப்புவரை வந்த விரிசலைத்தான் காட்டும். உறைக்குள் கம்பி இழையில் நடப்பதைக் காட்டாது. சிவப்புக் கோடு வந்தால் உறுதியாகக் கெட்டது. வராவிட்டால் இன்னும் தெரியாது, அவ்வளவுதான்.

காந்தத்தை வைத்துப் பார்த்து "ஒட்டுகிறது, இது போலி ஸ்டெயின்லெஸ்" என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு சும்மா இருங்கள். நல்ல ஸ்டெயின்லெஸையே குளிர்நிலையில் இழுத்துக் கம்பியாக்கும்போது கொஞ்சம் காந்தத்தன்மை வந்துவிடும். காந்தம் கம்பியின் தரத்தையும் சொல்லாது, வயதையும் சொல்லாது.

மேலே ஏறிப் பார்ப்பது அடுத்தது. கம்பியைப் பாய்மரத்திலிருந்து தள்ளிப் பிடிக்கும் குறுக்குக் கை இருக்கிறதே, அந்த ஸ்ப்ரெடரின் முனைகள், பாய்மரத்தில் கம்பி மாட்டும் இடங்கள், உச்சி. பாய்மரச் சுவருக்குள் கொக்கி மாதிரி நுழைந்து பிடிக்கும் முனைகள் உங்கள் படகில் இருந்தால், அவற்றின் கழுத்து வளைவில் விரிசல் வரும். அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் தொடும் இடமெல்லாம் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது அலுமினியம் அரிபடும் அடையாளம். ஏறுவதென்றால் காலையில் ஏறுங்கள், இரண்டாவது கயிறு ஒன்றைக் காப்பாகக் கட்டிக்கொண்டு. பினாங்கில் பிற்பகல் இடி எப்போது வரும் என்று சொல்ல முடியாது, அப்போது அந்த உயரத்தில் உலோகக் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கக்கூடாது. உறையில் விரிசல் இருப்பதாகச் சந்தேகம் இருந்தால் ஏறவே வேண்டாம். உங்கள் எடையைத் தாங்கும் பாய்மரத்தை அந்தக் கம்பிதான் தாங்குகிறது.

ஏறினாலும் ஃபோர்ஸ்டேயைப் பார்க்க முடியாது. முன்பாயைச் சுருட்டும் ஃபர்லரின் அலுமினியக் குழாய்க்குள் அது ஒளிந்திருக்கிறது. அதனால் ஃபோர்ஸ்டேயின் வயது தெரியாவிட்டால் பார்த்து முடிவெடுக்கும் பேச்சே இல்லை, மாற்றிவிட வேண்டியதுதான். சுருட்டும்போது உச்சியில் பாய் ஏற்றும் கயிறு கம்பியோடு சுற்றிக்கொண்டு, அது தெரியாமல் சுருட்டும் கயிற்றை வின்ச் என்ற சுழலியில் வைத்து இழுத்திருந்தால் மேல்முனையில் இழைகள் பிரிந்திருக்கும். பழைய உரிமையாளர் எப்படி இழுத்தார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

இதுவரை சொன்னதெல்லாம் எட்டு வயதுச் சாமான்களைப் பற்றி. உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றுதான் எனக்கு அதிகக் கவலை: செயின்பிளேட். ஷ்ரவுட்டின் இழுப்பையெல்லாம் படகின் உடம்புக்குக் கடத்தும் ஸ்டெயின்லெஸ் தகடு. 1989இல் படகு கட்டும்போது போட்டதாகவே இருக்கும். கம்பியை மாற்றியவர்கள் யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். பெரும்பாலான படகுகளில் அது மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிறது. தண்ணீர் புகாமல் இருக்கத் துளையைச் சுற்றிப் பூசிய சீலன்ட் காய்ந்து வெடித்ததும் தண்ணீர் இறங்கும். தளத்தின் கனத்துக்குள் அமுங்கிய அந்த ஓர் அங்குலத்தில், உறைக்குள் நடக்கும் அதே அரிப்பு நடக்கும். மேலே பார்த்தாலும் தெரியாது, உள்ளே பார்த்தாலும் தெரியாது.

பங்கோரில் தரைக்கு ஏற்றிய ஒரு படகு, உங்களுடையதைப் போலவே எண்பதுகளில் கட்டியது. கம்பியெல்லாம் புத்தம் புதிது. செயின்பிளேட்டைக் கழற்றலாம் என்றதும் உரிமையாளருக்கு முகம் மாறிவிட்டது. உள்ளே மர அலமாரியை அறுத்தால்தான் கை போகும். ஒன்றை மட்டும் கழற்றலாம் என்று கெஞ்சிக் கழற்றினோம். மேலேயும் கீழேயும் கண்ணாடி மாதிரி இருந்த தகடு, தளத்துக்குள் இருந்த இடத்தில் கறுத்து, கரையான் அரித்த பலகை போல இருந்தது. வைஸில் பிடித்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினேன். இரண்டாக விழுந்தது. உடைந்த முகத்தில் பாதிக்கு மேல் பழைய கறுப்பு, மீதிதான் புது வெள்ளை. அவர் ஒன்றும் பேசாமல் போய் ரம்பத்தை எடுத்துவந்து மற்ற அலமாரிகளையும் அறுக்க ஆரம்பித்தார்.

ஊசிகளைப் பற்றி என் மேலேயே ஒரு பழி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு படகுக்கு முழுக் கம்பியும் மாற்றினேன். ஃபோர்ஸ்டே அடியிலிருந்த பழைய ஊசி, கிளெவிஸ் பின் என்பார்கள், பார்க்க நன்றாக இருந்ததால் அதையே மாட்டினேன். அதைப் பூட்டும் சின்னக் காட்டர் பின்னைக் குத்திவிட்டு, கால்களை விரிக்காமல் மேலே டேப் சுற்றிவிட்டேன். அப்புறம் விரித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம், மறந்துபோனது. லங்காவிக்குப் போகும் வழியில் புலாவ் பாயார் தீவுக்குப் பக்கத்தில் ஊசி கழன்று ஃபோர்ஸ்டே விட்டுப்போனது. சுருட்டு பாயின் முன்விளிம்பும் அதை ஏற்றிய கயிறும் பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. அன்றிலிருந்து புதுக் கம்பிக்குப் புது ஊசிதான். காட்டர் பின்னின் இரண்டு காலையும் பதினைந்து, இருபது பாகை விரித்தால் போதும், மீசை மாதிரி முழுக்கச் சுருட்ட வேண்டாம். கம்பியை இறுக்கும் திருகான டர்ன்பக்கிளை டேப்பால் முழுக்க மூடிக்கட்டுவதும் வேண்டாம். அது உப்புத் தண்ணீருக்கு வீடு கட்டிக் கொடுப்பது.

கம்பி விட்டால் என்ன செய்வது என்பதைப் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். காற்றுப் பக்கத்து ஷ்ரவுட் போனால் யோசிக்காமல் படகைத் திருப்பி மறுபக்கக் கம்பிக்குச் சுமையை மாற்ற வேண்டும். ஃபோர்ஸ்டே போனால் காற்றை முதுகுக்குக் கொண்டுவந்து, மிச்சமிருக்கும் ஏற்றுகயிறு ஒன்றைப் படகின் மூக்கில் கட்டி இறுக்க வேண்டும். பேக்ஸ்டே போனால் எதிர்க்காற்றுக்குத் திரும்பி, பெரிய பாயின் கயிற்றை இறுக்கிப் பிடிக்க வேண்டும். நின்று பேச நேரம் இருக்காது.

மாற்றுவதென்றால் ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் மாற்றுங்கள். கறை பட்ட ஒன்றை மட்டும் மாற்றுவது பல்வரிசையில் ஒரு பல்லுக்கு மட்டும் வைத்தியம் பார்ப்பது போல. பக்கத்துப் பல் அடுத்த மாதம் வலிக்கும். கம்பி 316 வகை ஸ்டெயின்லெஸாக இருக்கட்டும். 304ஐவிட அறுபடும் பலம் சற்றுக் குறைவுதான், ஆனால் அதிலிருக்கும் மாலிப்டினம் குளோரைடைக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். தடிமனைக் கூட்டாதீர்கள், உச்சியில் எடை ஏறும், பழைய ஊசித் துளைக்கும் பொருந்தாது. அடிமுனைக்கு நசுக்கும் உறைக்குப் பதிலாக, கூம்பு வைத்துத் திருகும் முனை போடுவதை நான் விரும்புவேன். விலை கூடுதல்தான், ஆனால் திறந்து உள்ளே பார்க்கலாம், அடுத்த முறை கூம்பை மட்டும் மாற்றித் திரும்பப் பயன்படுத்தலாம். நசுக்கும் உறையின் வாயை சீலன்டால் அடைப்பது நல்லதா கெட்டதா என்பதில் எங்களுக்குள்ளேயே சண்டை உண்டு. அடைப்பு ஒட்டியிருக்கும் வரை நல்லது, விட்டுப்போனால் தண்ணீரைப் பிடித்து வைக்கும். நான் அடைப்பதில்லை, வாரம் ஒருமுறை நல்ல தண்ணீர் ஊற்றச் சொல்வேன்.

இறுக்கம் வைக்க ஒரு பழைய கைக்கணக்கு போதும். 19 இழைக் கம்பியில் 2 மீட்டர் நீளம் குறித்துக்கொண்டால், அது 1 மில்லிமீட்டர் நீளும்போது அறுபடும் பலத்தில் 5 சதவீத இழுப்பு ஏறியிருக்கிறது என்று கொள்ளலாம். 3 மில்லிமீட்டர் என்றால் 15 சதவீதம். உச்சி ஷ்ரவுட்டுக்கு அந்த 15க்குப் பக்கத்தில் தொடங்கலாம். டர்ன்பக்கிளைச் சுமை இல்லாத பக்கத்தில்தான் திருக வேண்டும், மரையில் மசகு பூசி. ஸ்டெயின்லெஸ் மரை காய்ந்து கடித்துக்கொண்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். புதுக் கம்பி முதல் சில ஓட்டத்தில் கொஞ்சம் இழுபடும், மறுபடி பார்த்துச் சரிசெய்யுங்கள்.

ஆக, உங்கள் ரிக்கர் சொன்ன முடிவு சரி. கறை ஒன்றுதான் அவர் காரணம் என்றால் காரணம் அரைகுறை. நண்பர் சொன்ன பதினைந்து வேறு ஊர்க் கணக்கு. நானாக இருந்தால் கிரேன் வைத்துப் பாய்மரத்தை இறக்கி, செயின்பிளேட் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிட்டு, கம்பியையும் ஊசியையும் முழுதாக மாற்றுவேன். பணம் ஒரே தடவையில் முடியாது என்றால் முதலில் செயின்பிளேட், ஃபோர்ஸ்டே, அடி ஷ்ரவுட்கள். அதுவரை நல்ல காற்றில் மரீனாவைச் சுற்றி நீங்கள் தனியாக ஓட்டுவதை நான் தடுக்க மாட்டேன். 60 கடல் மைல் தாண்டிப் பிள்ளைகளோடு போவதற்கு மட்டும் வேண்டாம் என்பேன். டிசம்பரில் வடகிழக்குக் காற்று இந்தப் பக்கம் பெரும்பாலும் ஒழுங்காக வீசும், விடிகாலையில் சுமத்ரா புயற்காற்று வரும் மாதங்களும் முடிந்திருக்கும்; நீங்கள் தேர்ந்தெடுத்த காலம் நல்ல காலம்தான்.

ஆனால் நவம்பரில் ராஜா மூடா பாய்மரப் போட்டிப் படகுகள் கிள்ளான் துறைமுகத்திலிருந்து இந்தப் பக்கமாக லங்காவிக்குப் போகும், அந்த வாரங்களில் எந்த ரிக்கரும் போனை எடுக்க மாட்டார். அதனால் செப்டம்பருக்குள் கிரேனுக்கும் ஆளுக்கும் சொல்லிவையுங்கள். புதுக் கம்பியை அளந்து பொருத்தும் வரை பழையதைத் தூக்கிப் போடாதீர்கள், நீளத்துக்கு அதுதான் சாட்சி. முதல் செயின்பிளேட் கழன்றதும் துடைத்து வெயிலில் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். கெட்டதா என்று மட்டும் சொல்கிறேன்.